வேவுக்குப் போனவர்கள் எழுதிய நூல்கள்: கேள்வி பதில்

காரைக்குடியில் மாதந்தோறும் கூடும் எங்கள் வாசகர் வட்டம், இம்முறை போர்க்கள வேவுப் பிரிவுகளைப் பற்றிய நூல்களை எடுத்துக்கொண்டது. நான் தரைப்படையின் சிக்னல் (தகவல் தொடர்பு) பிரிவில் இருந்து ஓய்வுபெற்றவன். இவ்வகை நூல்களை முப்பது ஆண்டுகளாகச் சேர்த்து, வளவில் ஓர் அறை முழுவதும் அடுக்கி வைத்திருக்கிறேன். அதனால் பதில் சொல்லும் பொறுப்பு என் தலையில் விழுந்தது. துண்டுச் சீட்டிலும் வாட்ஸ்அப்பிலும் வந்த கேள்விகளில் ஒரே பொருளைக் கேட்டவற்றைச் சேர்த்துவிட்டு, மற்றவற்றைக் கீழே தருகிறேன்.

கல்லூரி மாணவர், தேவகோட்டை: ஐயா, வேவுப் பிரிவும் கமாண்டோ படையும் ஒன்றுதானே?

இல்லை தம்பி. கமாண்டோ அடிக்கப் போகிறான். வேவுக்காரன் பார்க்கப் போகிறான். பார்த்ததைக் கொண்டுவந்து சேர்க்காவிட்டால் அவன் போனதே வீண். வேவு அணி ஒன்று துப்பாக்கியை எடுத்துச் சுட நேர்ந்துவிட்டால், அந்தப் பயணம் பெரும்பாலும் கெட்டுப்போயிற்று என்றே பொருள். இந்த நூல்களைப் படிக்கும்போது வரும் சிக்கலும் இதுதான். சுடாமல், அகப்படாமல் திரும்பிய பத்து நாட்களை எழுதினால் வாங்க ஆளில்லை. அகப்பட்டுக்கொண்டு தப்பியோடிய ஒரே இரவை எழுதினால் பதிப்புக்கு மேல் பதிப்பாக விற்கிறது. ஆகவே கடை அலமாரியில் நமக்குக் கிடைப்பவற்றில் பாதிக்கு மேல், கெட்டுப்போன வேவுகளின் கதை.

நம்மிடம் இதற்குப் பழைய சொல்லே இருக்கிறது. ஆநிரை கவரப் புறப்படும் படைக்கு முன்னால், பகைவர் அறியாதபடி ஒற்றி அறிந்த செய்தியைத் தொல்காப்பியம் வெட்சித் திணையில் 'வேய்' என்கிறது. ஊரைச் சூழ்வதும், அடிப்பதும், மாடுகளை ஓட்டி வருவதும் அதற்குப் பின்னால்தான் வரிசையில் நிற்கின்றன.

ஓய்வுபெற்ற ஆசிரியை, பள்ளத்தூர்: ஒரே ஒரு நூலில் தொடங்க வேண்டுமென்றால் எதைச் சொல்வீர்கள்?

தயங்காமல் கென்னடி ஷா எழுதி 1945இல் வெளிவந்த 'லாங் ரேஞ்ச் டெசர்ட் குரூப்' நூலைச் சொல்வேன். இரண்டாம் உலகப் போரில் வட ஆப்பிரிக்கப் பாலைவனத்தில் வேவு பார்த்த, அதே பெயர் கொண்ட பிரிட்டிஷ் படைப்பிரிவின் உளவு அதிகாரி அவர். பிரிவைத் தொடங்கியவர் ரால்ஃப் பேக்னால்ட். 1939இல் கிழக்கு ஆப்பிரிக்காவுக்குப் போய்க்கொண்டிருந்த அவருடைய கப்பல் நடுக்கடலில் மற்றொரு கப்பலோடு மோதிக்கொண்டதால், பழுது பார்க்க எகிப்தில் நிற்க வேண்டியதாயிற்று. லிபியப் பாலைவனத்தில் பல ஆண்டுகள் மோட்டாரில் சுற்றிய மனிதர் தற்செயலாகச் சரியான இடத்தில் வந்து இறங்கியிருந்தார். 1940 கோடையில், மத்திய கிழக்கிலிருந்த பிரிட்டிஷ் படைகளின் தளபதி வேவல் ஒப்புதல் கொடுத்தார். பேக்னால்ட் முதலில் கேட்டு வாங்கிய ஆட்கள் நியூசிலாந்துக்காரர்கள், அவர்களில் பலர் பண்ணைகளில் இயந்திரத்தோடு பழகியவர்கள்.

இந்நூலில் என்னைக் கட்டிப்போடுவது சண்டை அன்று, தண்ணீரும் திசையும். லாரியின் ரேடியேட்டர் கொதித்து நீராவி வெளியேறினால் தண்ணீர் போய்விடும். பாலைவனத்தில் தண்ணீர் போனால் உயிர் போய்விடும். அதற்காக ரேடியேட்டரின் வாயிலிருந்து ஒரு குழாயை இழுத்து, வண்டியின் பக்கத்தில் கட்டிய, பாதி நீர் நிரப்பிய தகர டப்பாவுக்குள் விட்டார்கள். நீராவி அங்கே குளிர்ந்து நீராகும். டப்பா நீரும் கொதிக்கத் தொடங்கினால் வண்டியைக் காற்றுக்கு எதிர்முகமாக நிறுத்திவிடுவார்கள். எஞ்சின் ஆறியதும் டப்பாவிலிருந்த நீர் தானாக ரேடியேட்டருக்குள் உறிஞ்சப்பட்டுத் திரும்பும். திசைக்கு வந்தால், லாரியின் இரும்பு காந்த ஊசியைக் குழப்பும் என்பதால், வட்டத் தட்டின் நடுவே நட்ட கம்பியின் நிழலை வைத்துத் திசை பார்க்கும் சூரிய காம்பஸைப் பேக்னால்ட் அமைத்திருந்தார். இரவில் நட்சத்திரங்களை அளந்து, தாங்கள் நிற்கும் இடத்தைக் கணக்கிட்டார்கள்.

1942 மார்ச் முதல் ஜூலை வரை, திரிப்போலியிலிருந்து பெங்காசிக்குப் போகும் கடற்கரைச் சாலையில் இவர்கள் வைத்த காவல்தான் வேவு என்ற சொல்லுக்கு நான் அறிந்த மிகச் சிறந்த விளக்கம். விடிவதற்கு முன்பே இருவர் சாலைக்குச் சில நூறு கெஜம் தள்ளி, முழங்கால் உயரங்கூட இல்லாத செடிகளுக்கிடையே படுத்துக்கொள்வார்கள். இருட்டும் வரை எழக் கூடாது. ஒருவர் பைனாகுலரில் பார்த்துச் சொல்ல, மற்றவர் குறிப்பேட்டில் எழுதுவார்: கிழக்கே போன எதிரியின் லாரி எத்தனை, டாங்கி எத்தனை, எந்த வகை. அந்தக் கணக்கு வயர்லெஸ் வழியே கெய்ரோவிலிருந்த தலைமையகத்துக்குப் போனது. வட்டிக்கடைப் பெட்டியடியில் உட்கார்ந்து பேரேடு எழுதிய குடும்பத்துப் பிள்ளைகளுக்கு இந்தப் பொறுமையின் மதிப்பை நான் விளக்க வேண்டியதில்லை.

இதைப் படித்த பிறகு, பின்னாளில் அதே பிரிவின் தளபதியாக இருந்த டேவிட் லாயிட் ஓவன் 1980இல் எழுதிய 'பிராவிடன்ஸ் தெயர் கைடு' நூலைப் படிக்கலாம். பேக்னால்ட் மணற்குன்றுகளைப் பற்றி 1941இல் வெளியிட்ட அறிவியல் நூல், பிற்காலத்தில் செவ்வாய்க் கோளின் மணலை ஆராய்ந்தவர்களுக்கும் உதவியது என்பது இங்கே உபரிச் செய்தி.

வங்கி ஊழியர், காரைக்குடி: அந்தப் பாலைவனப் பிரிவில் இந்தியர் இருந்தார்களா?

இருந்தார்கள். இந்தியக் குதிரைப்படை ரெஜிமெண்டுகளிலிருந்து எடுத்த ஆட்களைக் கொண்டு 'இந்தியன் லாங் ரேஞ்ச் ஸ்குவாட்ரன்' அமைக்கப்பட்டு, 1942இல் அதன் அணிகள் இவர்களோடு சேர்ந்து பாலைவனத்தில் இயங்கின. ஆங்கில நூல்களில் அவர்களுக்குக் கிடைக்கும் இடம் சில பத்திகளுக்கு மேல் இல்லை. எனக்கு அதில் மனக்குறை உண்டு.

பொறியாளர், புதுவயல்: 'பிராவோ டூ ஜீரோ' நூலைப் படித்து வியந்தேன். அது பொய் என்கிறார்களே, உண்மையா?

1991 ஜனவரியில், வளைகுடாப் போரின்போது, ஸ்கட் ஏவுகணைகளைத் தேடியும் தகவல் தொடர்பு வடங்களை அறுக்கவும் ஈராக்குக்குள் இறங்கிய எட்டுப் பேர் கொண்ட எஸ்ஏஎஸ் என்ற பிரிட்டிஷ் சிறப்புப் படையின் அணி ஒன்றின் கதை அது. மூவர் இறந்தனர், நால்வர் பிடிபட்டனர், ஒருவர் நடந்தே சிரியாவுக்குத் தப்பினார். அணித்தலைவர் ஆண்டி மெக்நாப் என்ற புனைபெயரில் 1993இல் எழுதினார். தப்பியவர் கிறிஸ் ரயன் என்ற புனைபெயரில் 1995இல் எழுதினார். மூன்றாமவர் மைக் கோபர்ன் என்ற பெயரில், நீண்ட வழக்குக்குப் பிறகு 2004இல் வெளியிட்டார். இடையில் மைக்கேல் ஆஷர் என்ற முன்னாள் வீரர் அந்த நிலத்துக்கே போய், அந்த வழியையே நடந்து, அங்குள்ள பெதுயின் மக்களிடம் கேட்டு 2002இல் ஒரு நூல் எழுதினார். பெரும் சண்டை நடந்ததாகச் சொல்லப்பட்ட இடத்தில் எதிரே இருந்தவர்கள் விரல்விட்டு எண்ணக்கூடிய சிலரே என்று அதில் மறுத்தார்.

எதை நம்புவது? வள்ளுவர் ஒற்றாடல் அதிகாரத்தில், 589ஆம் குறளில், இதற்கு வழி சொல்லியிருக்கிறார்: ஒற்றர் ஒருவரை ஒருவர் அறியாதபடி ஆள வேண்டும், மூவர் சொல்லும் ஒத்துப்போனால் அதைத் தெளியலாம். இங்கே மூவரும் ஒருவரை ஒருவர் அறிந்தவர்கள்; பின்னால் எழுதியவர்கள் முன்னவர் நூல் வெளிவந்த பிறகு எழுதியவர்கள். ஆகவே மூன்றும் ஒத்துப்போகும் இடங்களை மட்டும் நான் ஏற்கிறேன்: வயர்லெஸ் தொடர்பு கிடைக்கவில்லை, எதிர்பாராத கடுங்குளிர் அடித்தது, ஆடு மேய்த்த சிறுவன் ஒருவன் அவர்களுடைய மறைவிடத்தருகே வந்தான். சிக்னல்காரன் என்ற முறையில் முதலாவதைத்தான் நான் திரும்பத் திரும்பப் படிக்கிறேன். தொடர்பு இல்லாத வேவு அணியைக் கிணற்றில் விட்ட கயிறில்லாத வாளி என்றுதான் சொல்ல வேண்டும்.

ஆச்சி ஒருவர், கானாடுகாத்தான்: என் அப்பச்சி 1942இல் பர்மாவிலிருந்து நடந்து வந்தவர்கள். அந்தக் காட்டுவழியில் வேவு பார்த்தவர்கள் யாரேனும் எழுதியிருக்கிறார்களா?

ஆச்சி, உங்கள் கேள்விக்குச் சரியாகப் பொருந்தும் ஒரு நூல் இருக்கிறது. அர்சுலா கிரஹாம் போவர் எழுதி 1950இல் வந்த 'நாகா பாத்'. மானிடவியல் ஆர்வத்தால் வடக்கு கச்சார் மலையில் ஜெமி நாகர்களோடு வாழ்ந்த ஆங்கிலப் பெண் அவர். நம் ஊர்க்காரர்கள் கொண்டுவிற்க (கடல் கடந்து தொழில் செய்ய) போய் வைத்திருந்த கடைகளையும் கணக்குப் பெட்டிகளையும் விட்டுவிட்டு நடந்து வந்த அந்தக் கோடையில், லம்டிங் ரயில் நிலையத்தில் அகதிகளுக்குத் தேநீரும் உணவும் கொடுத்தவர்களில் அவரும் ஒருவர். ரயிலில் வந்து இறங்கிய மக்களின் நிலையை அவர் எழுதியிருக்கும் பக்கங்களை நான் வேகமாகப் படித்ததே இல்லை. மணிப்பூர் வழியாக வந்திருந்தால், உங்கள் அப்பச்சியும் அந்த நிலையத்தைக் கடந்திருக்கக் கூடும்.

அதன் பிறகு, ஜப்பானியர் எல்லையைத் தாண்டுகிறார்களா என்று பார்க்க மலைமக்களைக் கொண்டு அமைக்கப்பட்ட 'வி ஃபோர்ஸ்' பிரிவில் அவர் சேர்க்கப்பட்டு, நாகர்களைக் கொண்டு காவல் வலை அமைத்தார். அவர்களிடம் முதலில் இருந்தவை குழலின் வாய்வழியாக வெடிமருந்து கெட்டிக்கும் பழைய துப்பாக்கிகள். நிலத்தை அறிந்தவனே முதல் வேவுக்காரன் என்பதை இந்த அளவுக்கு வெளிப்படையாகச் சொல்லும் நூல் வேறில்லை.

மலேயாவுக்குக் கொண்டுவிற்கப் போன குடும்பத்தார் ஸ்பென்சர் சாப்மனின் 'தி ஜங்கிள் இஸ் நியூட்ரல்' (1949) படிக்கலாம். அவர் செய்தது முழுக்க வேவு அன்று; ஆனால் மூன்று ஆண்டுகளுக்கு மேல் மலேயக் காட்டில் ஒளிந்து வாழ்ந்த மனிதரின் கணக்கு அது.

கைபேசியில் வந்த கேள்வி: வியட்நாம் போரைப் பற்றி?

ஜான் ப்ளாஸ்டர் 1997இல் எழுதிய 'எஸ்ஓஜி' நூலைப் படியுங்கள். 1964 ஜனவரியில் தொடங்கப்பட்ட, எஸ்ஓஜி என்ற அமெரிக்க இரகசியப் பிரிவின் சிறு அணிகள், சில அமெரிக்கர்களும் அவர்களைவிட அதிகமான மலைவாழ் வீரர்களுமாக, லாவோஸுக்கும் கம்போடியாவுக்கும் அடையாளக் குறியில்லாத உடையில் போய்வந்தன. அப்பிரிவுக்கு வெளிப்படையான விருது கிடைத்தது 2001இல்தான். ப்ளாஸ்டர் தாமே போய்வந்தவர். சற்று வீரம் கூட்டுகிறார், பொறுத்துக்கொள்ளலாம். நீண்டதூர ரோந்து அணிகளைப் பற்றி அடக்கமாக எழுதியவர் மைக்கேல் லானிங்; நூல் 1988இல் வந்தது. எதிரி பத்தடி தூரத்தில் இருக்கும்போது பேச முடியாது. எனவே தலைமையகம் கேள்வி கேட்கும், அணியில் இருப்பவர் பேசாமல் கைக்கருவியின் பொத்தானை இருமுறை அழுத்துவார். அந்தச் சிறு சத்தமே 'ஆம்'. நாங்களும் பயிற்சியில் இதைச் செய்திருக்கிறோம். மறுமுனையில் காதைத் தீட்டிக்கொண்டு அமர்ந்திருப்பவனுக்கு, அந்த இரண்டு 'டிக்' ஒலிக்குள் மூச்சே நின்றுவிடும்.

அதே மாணவர், தேவகோட்டை: நம் நாட்டைப் பற்றி நூல்கள் இல்லையா ஐயா?

குறைவு. கார்கில் பற்றி, அப்போது தரைப்படைத் தலைவராக இருந்த வி.பி. மாலிக் 2006இல் எழுதிய நூலையும், திருச்சியில் பிறந்த கே. சுப்ரமணியம் தலைமையில் அமைந்த மறு ஆய்வுக் குழுவின் அறிக்கையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படிக்க வேண்டும். 1999 மே மாதத் தொடக்கத்தில் ஊடுருவியவர்களை முதலில் கண்டு சொன்னவர், காணாமற்போன தன் யாக்கைத் தேடி மலையேறிய தாஷி நம்கியால் என்ற மேய்ப்பர். ஈராக்கில் எட்டுப் பேரின் மறைவிடத்தருகே வந்ததும் ஒரு மேய்ப்பன். இங்கே எச்சரித்ததும் ஒரு மேய்ப்பர். வெட்சித் திணையை எழுதியவர் சிரித்திருப்பார்.

1971இல் பவானி சிங் தலைமையில் பத்தாம் பாரா கமாண்டோ அணி ராஜஸ்தான் பாலைவனத்தைக் கடந்து பாகிஸ்தானின் சாச்ரோவைத் தாக்கியது. அதே போரில் திபெத்திய வீரர்களோடு அன்றைய கிழக்குப் பாகிஸ்தானின் சிட்டகாங் மலைக்குப் போனதை சுஜன் சிங் உபான் 1985இல் எழுதினார். இந்தியச் சிறப்புப் படைகளின் பொதுவரலாறு வேண்டுமென்றால் கடோச், சைகத் தத்தா இருவரும் எழுதிய நூல் (2013) போதும்.

அச்சக உரிமையாளர், கோட்டையூர்: நாவல் உண்டா? தமிழில்?

ரஷ்ய மொழியில் கசகேவிச் 1947இல் எழுதிய 'நட்சத்திரம்' என்ற குறுநாவல், வேவுப் படையிலேயே பணியாற்றியவர் எழுதியது. எதிரிப் பகுதிக்குள் போன அணியின் வானொலிப் பெயர் நட்சத்திரம். தலைமையகத்தின் பெயர் பூமி. செய்தி வந்து சேர்கிறது, ஆட்கள் வரவில்லை, இயந்திரத்தின் முன்னால் அமர்ந்திருக்கும் காத்யா என்ற பெண் கூப்பிட்டுக்கொண்டே இருக்கிறாள். நூறு பக்கத்துக்குச் சற்றுக் கூடுதல், ஓரிரவில் படித்துவிடலாம்.

தமிழில் வேவை மையமாக வைத்த நாவலை நான் படித்ததில்லை. நம் பக்கத்துச் சிங்கம்புணரிக்காரர் ப. சிங்காரத்தின் 'புயலிலே ஒரு தோணி' (1972) போரையும் வட்டிக்கடைப் பையன்களையும் ஒரே படகில் ஏற்றியது; நெருங்கி வருவது அது ஒன்றுதான்.

பெயர் எழுதாத சீட்டு: உங்கள் நூல்களை இரவல் தருவீர்களா?

தருவேன், பேரேட்டில் எழுதிவிட்டு. சாப்மனின் நூல் சென்ற வைகாசியில் போனது, இன்னும் திரும்பவில்லை. எடுத்துப்போனவர் இன்றைய கூட்டத்தில் மூன்றாம் வரிசைத் தூணுக்குப் பின்னால் அமர்ந்திருந்ததைப் பார்த்தேன். அடுத்த மாதக் கூட்டத்துக்குக் கொண்டுவந்தால் போதும். பள்ளத்தூர் ஆசிரியை காத்திருக்கிறார்.