பின்னத்துக்குள் பின்னம்: எதை நீக்கலாம், எதை நீக்கக் கூடாது?

கேள்வி: தொகுதியில் (1/க − 1/ச), பகுதியில் (1/க² − 1/ச²) உள்ள பின்னத்தைச் சுருக்கும் கணக்கில், பத்தாம் வகுப்பு படிக்கும் என் மகள் முதல் உறுப்பை முதல் உறுப்பாலும் இரண்டாவதை இரண்டாவதாலும் வகுத்து, நடுவிலுள்ள கழித்தல் குறியை அப்படியே விட்டு, க − ச என்று எழுதியிருந்தாள். கச/(க + ச) என்று ஆசிரியர் திருத்தியிருக்கிறார். அவள் செய்த பிழை என்ன? எளிய வழி உண்டா?

பதில்: எண்களை இட்டுப் பார்த்தாலே பிழை புலப்பட்டுவிடும். க = 2, ச = 3 எனக் கொண்டால் தொகுதி 1/2 − 1/3 = 1/6, பகுதி 1/4 − 1/9 = 5/36; ஆகவே பின்னத்தின் மதிப்பு 6/5. ஆசிரியரின் விடையும் 6/5 தருகிறது. உங்கள் மகளின் விடையோ −1 ஆகிறது. தொகுதி முழுவதற்கும் பகுதி முழுவதற்கும் பொதுவான காரணியை மட்டுமே நீக்கலாம். கூட்டலாலோ கழித்தலாலோ இணைந்த உறுப்புகளைச் சோடி சோடியாக வகுக்க விதி ஏதும் இல்லை.

மேலே உள்ளதையும் கீழே உள்ளதையும் தனித்தனியே ஒரே பின்னமாக்கி, கீழ்ப் பின்னத்தைத் தலைகீழாக்கிப் பெருக்குவது வழக்கமான முறை. அது சரியானதே, ஆனால் வரிகள் கூடக் கூடக் குறிப் பிழைகளும் கூடும் என்பதால், பொதுப் பகுதியைக் கொண்டு ஒரே அடியில் முடிக்கும் முறையையே நான் விரும்புவேன். உள்ளிருக்கும் சிறு பின்னங்களின் பகுதிகளான க, ச, க², ச² ஆகிய அனைத்துக்கும் மீச்சிறு பொது மடங்கு (மீ.பொ.ம.) க²ச² ஆகும். தொகுதி, பகுதி இரண்டையும் இதனால் பெருக்கினால், மதிப்பு மாறாமலே சிறு பின்னங்கள் யாவும் மறைந்து, மேலே கச² − க²ச என்றும் கீழே ச² − க² என்றும் நிற்கும். காரணிப்படுத்தினால் மேலே கச(ச − க), கீழே (ச − க)(ச + க). இப்போதுதான் (ச − க) என்னும் பொதுக் காரணியை நீக்கும் உரிமை நமக்குக் கிடைக்கிறது. விடை கச/(க + ச). (பக்க இணைப்பில் உள்ள இரு மின்தடைகளின் தொகுபயன் மின்தடையும் இதே வடிவம்தான்: 3 ஓம், 6 ஓம் எனில் 18/9, அதாவது 2 ஓம்.)

இம்முறையில் மாணவர்கள் வழக்கமாகத் தவறுவது ஓரிடத்தில்தான். தொகுதியில் 1 + 1/க என்று இருந்தால், பின்னமாக இல்லாத அந்த 1-ஐயும் மீ.பொ.ம.வால் பெருக்க வேண்டும் என்பதை மறந்துவிடுகிறார்கள்.

பகுதிகள் பல்லுறுப்புக் கோவைகளாக இருந்தால், முதலில் காரணிப்படுத்திய பிறகே மீ.பொ.ம. காண வேண்டும். தொகுதி 1/(க − 2) + 1/(க + 2), பகுதி க/(க² − 4) என்னும் கணக்கில், க² − 4 என்பது (க − 2)(க + 2) என்பதால் அதுவே மீ.பொ.ம. ஆகிறது, அதனால் பெருக்கினால் மேலே 2க, கீழே க, விடை வெறும் 2. விடையில் க என்னும் எழுத்தே இல்லாவிட்டாலும், மூலக் கோவையில் க-வுக்கு 2, −2, 0 ஆகிய மதிப்புகளைத் தர இயலாது. எனவே விலக்கப்பட்ட மதிப்புகளான இம்மூன்றையும் விடையின் அருகே எழுதிவிடும்படி உங்கள் மகளிடம் சொல்லுங்கள். முதல் கணக்கிலும் அவ்வாறே க, ச இரண்டில் எதுவும் பூச்சியமாக இருக்கக் கூடாது; க = ச என்றோ க = −ச என்றோ அமையவும் கூடாது.