லா சலேத் மாதா காட்சி உண்மையென்றால், அதைக் கண்ட பிள்ளைகள் ஏன் புனிதர்கள் ஆகவில்லை? அவர்களை நம்பி ஒரு சபையே தொடங்கியது ஏமாற்று இல்லையா?

'ஏமாற்று' என்று கேள்வியிலேயே தீர்ப்பு எழுதிவிட்டீர்கள். நான் கொடைக்கானல் சலேத் மாதா கோயில் பங்கில் வளர்ந்தவன், அதனால் கொஞ்சம் சுடுகிறது. இறையியல் படித்தவன் இல்லை, யாரையும் மதம் மாற்றவும் வரவில்லை, சண்டைக்கு வருபவர்கள் இப்படியே தாண்டிப் போய்விடலாம்.

1846 செப்டம்பர் 19 அன்று பிரெஞ்சு ஆல்ப்ஸில் லா சலேத் என்ற ஊரின் மலையில் மாடு மேய்த்த மெலனிக்கு 14 வயது, மாக்சிமினுக்கு 11. அழுதுகொண்டிருந்த ஒரு பெண்மணியைக் கண்டதாகச் சொன்னார்கள். பிற்பாடு மாக்சிமின் குருமடம், மருத்துவப் படிப்பு, பாப்பரசர் படை என்று எதிலும் நிலைக்காமல், மதுபான வியாபாரத்துக்குத் தன் பெயரையும் கொடுத்து 1875இல் ஏழையாகச் செத்தான். மெலனி மடம் மடமாக அலைந்து 1904இல் இத்தாலியில் இறந்தார். இதையெல்லாம் யாரும் மறைக்கவில்லை. அந்தப் பகுதிக்கு ஆயராக (பிஷப்) இருந்த கிரெனோபிள் ஆயர் புரூயார் ஐந்து வருடம் விசாரித்து 1851இல் ஏற்றுக்கொண்டது காட்சியைத்தான், பிள்ளைகளுக்கு நன்னடத்தைச் சான்றிதழ் கொடுக்கவில்லை. அடுத்த வருடம், மலையேறி வரும் கூட்டத்துக்குப் பூசை வைக்கவும் பாவசங்கீர்த்தனம் கேட்கவும் ஆள் வேண்டுமென்று தன் மறைமாவட்டக் குருக்களிலிருந்தே சிலரை அங்கே வைத்தார். சலேத் மறைப்பணியாளர் சபை அப்படித் தொடங்கியதுதான். சபையைத் தொடங்கியதில் அந்தப் பிள்ளைகளுக்குப் பங்கே இல்லை.

வேலை விஷயமாக கிரெனோபிளில் இருந்தபோது ஒரு ஞாயிற்றுக்கிழமை அந்த மலைக்குப் போனேன். கோர் என்ற ஊரைத் தாண்டி வளைந்து வளைந்து ஏறும் பாதை, 1,800 மீட்டர் உயரம், சுற்றிலும் புல்வெளி. முகத்தைக் கைகளில் புதைத்து உட்கார்ந்திருக்கும் மாதாவின் வெண்கலச் சுரூபம் இருக்கிறது. சபையைச் சேர்ந்த ஒரு வயதான சாமியார் தன் கழுத்துச் சிலுவையைக் காட்டினார். ஒரு பக்கம் சுத்தியல், மறுபக்கம் குறடு. ஆணி அடிக்க ஒன்று, பிடுங்க ஒன்று. அப்புறம் கோதுமைக் கதையைச் சொன்னார். கெட்டுப்போன கோதுமையைப் பார்த்திருக்கிறாயா என்று மாதா கேட்க, மாக்சிமின் இல்லை என்றானாம். கோயின் என்ற இடத்து வயலில் உன் அப்பா கதிரைக் கசக்கிப் பார்த்தாரே, திரும்பும் வழியில் உனக்கு ரொட்டி கொடுத்து 'அடுத்த வருஷம் யாருக்குச் சாப்பாடு இருக்குமோ' என்றாரே என்று அவளே ஞாபகப்படுத்தினாளாம். கோயில் பக்கமே தலைவைக்காத அந்த அப்பா, இதைக் கேட்டுத்தான் மாறினார். நம்புவதும் நம்பாததும் உங்கள் இஷ்டம். பஞ்சகாலத்து அப்பா சொல்லக்கூடிய பேச்சுதான் அது, எனக்கு அது போதும்.

ஆறு நாள் உங்களுக்கு, ஏழாம் நாள் எனக்கு, அதையும் கொடுக்க மாட்டேன் என்கிறார்களே என்பதும் மாதாவின் புகார்களில் ஒன்று. சாமியார் சரியாக அந்த இடத்துக்கு வரும்போது சென்னையிலிருந்து மேனேஜர் போன். "ஒரு சின்ன ஃபைல்தான், சண்டேன்னு தெரியும், ஆனா..." இந்த 'ஆனா' இல்லாத ஞாயிறே அந்தக் கம்பெனியில் எனக்கு வாய்க்கவில்லை. சம்பளமில்லாத ஞாயிற்றுக்கிழமை வேலையைப் பற்றி யாராவது கேள்வி கேளுங்கள், பக்கம் பக்கமாகப் பதில் எழுதுகிறேன்.

சரி, உங்கள் கேள்வி. 1855இல் அடுத்த ஆயர் ஜினுல்யாக் அந்த மலையிலேயே சொல்லிவிட்டார்: மேய்ப்பர்களின் பணி முடிந்தது, திருச்சபையின் பணி தொடங்குகிறது என்று. மாதா தனக்குத் தனியாகச் சொன்னதாக மெலனி பிற்காலத்தில் வெளியிட்ட 'ரகசியம்' 1851இல் ஏற்றுக்கொண்டதில் சேராது. சபையைக் குறை சொல்ல வேண்டுமென்றால், மடகாஸ்கரிலும் போலந்திலும் அவர்கள் செய்த வேலையைப் பார்த்துவிட்டுச் சொல்லுங்கள்.