கண்ணாடி போடும் தலைமுறை: இது பரிணாமமா?

கேள்வி: என் மாமனாருக்கு 76 வயது. சிறுவயது முதல் மாடு மேய்த்தவர். கொறங்காட்டின் (எங்கள் பக்கத்து மேய்ச்சல் நிலம்) மறுகோடியில் நிற்கும் மாட்டை இன்றும் வாசலில் இருந்தே அடையாளம் சொல்வார். எனக்கும் வீட்டுக்காரருக்கும் கிட்டப்பார்வை. 9 வயது மகளுக்கு இப்போதே மைனஸ் 2. செல்போன் காலத்தில் மனிதக் கண்ணே இப்படி மாறி வருகிறதா? 5 வயது மகனுக்காவது தடுக்க முடியுமா?
- வாசகி, காங்கேயம்

பதில்: மகனுக்குத் தடுக்கவோ, தள்ளிப்போடவோ நல்ல வாய்ப்பு உண்டு. ஏனெனில் உங்கள் வீட்டில் நடந்திருப்பது பரிணாமம் அல்ல.

எந்த மரபணு உடையவர்களுக்குப் பிள்ளைகள் கூடுதலாகப் பிறந்து நிலைக்கின்றன என்பதைப் பொறுத்து, மிக மெதுவாக நடப்பதே பரிணாமம். காளைக்கு ஆண்டுதோறும் கொம்பு சீவினாலும் அதன் கன்றுக்குக் கொம்பு முளைக்காமல் போவதில்லை. அதுபோலவே, செல்போன் பார்த்து நம் கண்ணில் ஏற்படும் மாற்றம் பிள்ளையின் மரபணுவில் ஏறாது. வளர்ந்த பிறகும் பாலைச் செரிக்கும் திறன், கால்நடை வளர்த்த மக்களிடையே பரவுவதற்கே சில ஆயிரம் ஆண்டுகள் பிடித்தன. கண்ணாடி இருப்பதால் பார்வைக் குறைவு இன்று பிழைப்புக்கோ திருமணத்துக்கோ தடையாக இல்லை என்பதும், அந்த அளவில் இயற்கைத் தேர்வின் பிடி தளர்ந்திருக்கிறது என்பதும் உண்மைதான். ஆனால் அதன் விளைவு மூன்றே தலைமுறைக்குள் தெரியாது.

மாறியிருப்பது பிள்ளைகளின் அன்றாடம்: நெருக்கத்தில் பார்க்கும் வேலை கூடிவிட்டது, பகல் வெளிச்சம் குறைந்துவிட்டது. பிறக்கும்போது சுமார் 17 மி.மீ. நீளமுள்ள கண், வளர்ந்து சுமார் 24 மி.மீ. அளவில் நின்றுவிட வேண்டும். வெளிச்சம் படும்போது விழித்திரையில் சுரக்கும் டோபமைன் என்ற வேதிப்பொருள் இந்த வளர்ச்சிக்குக் கடிவாளமாக இருப்பதாக விலங்குச் சோதனைகள் காட்டுகின்றன. கண் 1 மி.மீ. கூடுதலாக நீண்டால் ஏறத்தாழ மைனஸ் இரண்டரை வந்துவிடும். வகுப்பறைக்குள் கிடைப்பது சில நூறு லக்ஸ் (வெளிச்சத்தை அளக்கும் அலகு) வெளிச்சம். உங்கள் கொறங்காட்டு வெள்வேல மர நிழலிலேயே பல ஆயிரம் லக்ஸ் இருக்கும். மாமனார் சிறுவயதில் பொழுதெல்லாம் நின்ற நிழல் அது.

பெற்றோர் இருவருக்கும் கிட்டப்பார்வை என்பதால் பிள்ளைகளுக்கு வாய்ப்பு கூடுதல்தான், மறுக்கவில்லை. ஆனாலும் தைவானில் 2010 முதல் பள்ளிப் பிள்ளைகளைத் தினமும் 120 நிமிடம் வெளியே அனுப்பும் திட்டம் வந்த பிறகு, ஆண்டுதோறும் ஏறிக்கொண்டிருந்த பார்வைக் குறைவு இறங்கத் தொடங்கியது. இது எனக்குப் பெரிய நம்பிக்கை தரும் செய்தி.

ஆகவே மகனைத் தினமும் இரண்டு மணி நேரம் பகல் வெளிச்சத்தில் விளையாட விடுங்கள். உச்சி வெயில் தேவையில்லை. காலையும் மாலையும் போதும். குறை எதுவும் சொல்லாவிட்டாலும் அவனுக்கு இப்போதே ஒருமுறை, கண்ணில் மருந்து விட்டுப் பரிசோதித்துவிடுங்கள்.

மகளுக்கு நீண்டுவிட்ட கண் மீண்டும் சுருங்காது. இனி ஏறும் வேகத்தைத்தான் குறைக்க வேண்டும். மைனஸ் 6-ஐத் தாண்டினால் விழித்திரை விலகும் ஆபத்து கூடுகிறது என்பதால் இதில் அசட்டை கூடாது. பவரைக் குறைத்துக் கண்ணாடி போடுவதால் பயனில்லை. குறைந்த அளவு அட்ரோபின் சொட்டு மருந்து அவளுக்குப் பொருந்துமா என்று கண் மருத்துவரிடம் கேளுங்கள். ஆறு மாதத்துக்கு ஒருமுறை பரிசோதனை அவசியம். பள்ளி விட்டதும் ட்யூஷனுக்குப் போகிறாள் என்றால், அதைப் பொழுது சாய்ந்த பிறகு வைத்துக்கொள்ள முடியுமா என்று ஆசிரியரிடம் பேசிப் பாருங்கள்.