வெளிநாட்டில் நர்ஸ் வேலை: கேட்டார்கள், சொன்னேன்

வளைகுடாவில் 6 வருடம், பிறகு இங்கிலாந்தில் முதியோர் வார்டில் 11 வருடம். புதிதாக வரும் நர்ஸ்களை ஆஸ்கி தேர்வுக்கு (இங்கிலாந்தில் நர்ஸாகப் பதிவு பெற, ஒவ்வொரு நிலையமாகப் போய்ச் செய்துகாட்டும் செய்முறைத் தேர்வு) தயார் செய்வதும் என் வேலையில் ஒரு பகுதி. அனுபவத்தில் தெரிந்ததைச் சொல்கிறேன். விசா விதிகள் மாறிக்கொண்டே இருக்கும், விண்ணப்பிக்கும் நாளில் அந்தந்த அரசுத் தளத்தில் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

அக்கா, ஐஇஎல்டிஎஸ் ரைட்டிங்கில் இரண்டு தடவையும் 6 தான் வந்தது. ஓஇடிக்கு மாறலாமா?

மாறலாம். இரண்டுமே ஆங்கிலத் தேர்வுகள்தான், ஓஇடி மருத்துவத் துறையினருக்கென்றே நடத்துவது. இங்கிலாந்தில் நர்ஸ்களைப் பதிவு செய்யும் என்எம்சி, ஐஇஎல்டிஎஸ்ஸில் ரைட்டிங்குக்கு 6.5, மற்ற மூன்றுக்கும் 7 கேட்கிறது. ஓஇடியில் ரைட்டிங்குக்கு சி பிளஸ், மற்றவற்றுக்கு பி. ஐஇஎல்டிஎஸ்ஸில் பொதுவான தலைப்பில் கட்டுரை எழுதவேண்டும். ஓஇடியில் ஒரு நோயாளியின் குறிப்புகளைக் கொடுத்து, இன்னொரு மருத்துவருக்கோ நர்ஸுக்கோ கடிதம் எழுதச் சொல்வார்கள். வார்டில் வேலை பார்த்தவர்களுக்கு இது கைக்குப் பழகிய விஷயம்.

ஆனால் இங்கேயும் ஒரு தப்பு நடக்கும். குறிப்பில் இருப்பதையெல்லாம் அப்படியே கடிதத்தில் இறக்கிவிடுவார்கள். இடுப்பு ஆபரேஷன் முடிந்து வீட்டுக்குப் போகும் பாட்டியைப் பார்க்கப்போகிற நர்ஸுக்கு என்ன தெரியவேண்டும்? காயம் எப்படி இருக்கிறது, தையல் என்றைக்குப் பிரிக்கவேண்டும், வலிக்கு என்ன மாத்திரை, எவ்வளவு தூரம் நடக்கிறார். இருபது வருடத்துக்கு முன் குடல்வால் எடுத்த கதை அவருக்கு வேண்டாம். எதை விடுவது என்று தெரிந்தவருக்குத்தான் மார்க்.

ஆஸ்கியில் எல்லாம் தெரிந்தவர்களும் ஏன் ஃபெயில் ஆகிறார்கள்?

மொத்தம் 10 நிலையங்கள். நோயாளியை மதிப்பிடுவது, திட்டமிடுவது, செய்வது, செய்ததைச் சரிபார்ப்பது என்று நான்கு. செய்முறைத் திறன்கள் நான்கு. எழுத்து மட்டும் இரண்டு. அறிவு போதாமல் தோற்பவர்களைவிட, கைப்பழக்கத்தால் தோற்பவர்களையே நான் அதிகம் பார்த்திருக்கிறேன்.

போன வருடம் பயிற்சியில் ஒரு தங்கச்சி. கை சுத்தம், பெயர், பிறந்த தேதி, கைப்பட்டை எல்லாம் சரி. மருந்துச் சீட்டைப் படித்து கோ-அமாக்ஸிக்ளாவ் எடுத்துக் கொடுத்துவிட்டாள். அதே சீட்டின் மேல் ஓரத்தில் பெனிசிலின் அலர்ஜி என்று எழுதியிருந்தது. கோ-அமாக்ஸிக்ளாவுக்குள் இருப்பது அமாக்ஸிசிலின், அதுவும் பெனிசிலின்தான். கேட்டால் உடனே சொல்லிவிடுவாள். அந்த நிமிஷத்தில் கண் அங்கே போகவில்லை. "உங்களுக்கு எந்த மருந்தாவது ஒத்துக்கொள்ளாதா?" என்று ஒவ்வொரு நோயாளியிடமும் வாய்விட்டுக் கேளுங்கள். இன்றைய ட்யூட்டியிலிருந்தே ஆரம்பியுங்கள்.

ஏஜென்ட் பணம் கேட்கிறார். அசல் சான்றிதழ்களையும் தரச் சொல்கிறார், சிஸ்டர்.

இரண்டும் வேண்டாம். வேலை தேடித் தருவதற்கு நர்ஸிடம் கட்டணம் வாங்கக்கூடாது என்பது இங்கிலாந்து அரசின் ஆள்சேர்ப்பு நெறிமுறையிலேயே இருக்கிறது. அசல் உங்கள் பெட்டியை விட்டு வெளியே போகக்கூடாது. சான்றிட்ட நகல் போதும்.

வளைகுடா வேலைக்கு 2 வருட அனுபவம் கேட்கிறார்கள், எனக்கு 14 மாதம்தான். அனுபவச் சான்றிதழை "சரிசெய்து" தருகிறோம் என்கிறார்கள்.

தொடவே தொடாதே தம்பி. வளைகுடா நாடுகளுக்காகச் சான்றிதழ்களைச் சரிபார்க்கும் டேட்டாஃப்ளோ நிறுவனம் நீ கொடுக்கும் தாளை மட்டும் பார்த்து முடிவு செய்வதில்லை. சான்றிதழ் கொடுத்த மருத்துவமனையையே கேட்கும். பொய் என்று பதிவானால் அடுத்த விண்ணப்பத்திலும் அது உன் பின்னால் வரும். இன்னும் 10 மாதம் வேலை பார்.

ஜெர்மனிக்கு பி1 போதுமா?

பி1, பி2 என்பவை ஜெர்மன் மொழித் தேர்ச்சி நிலைகள், பி2 அடுத்த படி. பி1-ஓடு போய் உதவியாளராக வேலையைத் தொடங்குகிறவர்கள் உண்டு. நர்ஸாக அங்கீகாரம் கிடைக்க பொதுவாக பி2 வேண்டும். உங்கள் படிப்பில் என்ன குறைகிறது என்று ஒரு கடிதம் வரும். அதன்படி தேர்வு எழுதலாம், இல்லை பயிற்சிக் காலம் முடிக்கலாம். பி2-வை இங்கேயே முடித்துவிட்டுப் போனால் நல்லது. ட்யூட்டி பார்த்துக்கொண்டே மொழி படிப்பது நினைப்பதைவிடக் கடினம்.

ஜெர்மனியைப் பற்றி ஒன்று சொல்லாமல் விட்டுவிட்டீர்கள். அங்கே நர்ஸ்தான் குளிப்பாட்டவேண்டும், ஊட்டவேண்டும், டயபர் மாற்றவேண்டும். ஐவி போடக்கூட டாக்டர்தான் வருவாராம். பி.எஸ்சி. நர்ஸிங் படித்தது இதற்கா?

மேலே கேட்டவர் சொல்வது சரி. என் தோழி ஐசியூவில் 5 வருடம் இருந்தவள், இப்போது தினமும் ஆறு பேரைக் குளிப்பாட்டுகிறாள். அழுகிறாள்.

இதற்குக் கொஞ்சம் நீளமாகவே பதில் சொல்கிறேன்.

தோழியின் வருத்தத்தில் நியாயம் இருக்கிறது. அங்கீகாரம் வரும்வரை உதவியாளர் சம்பளம், தெரிந்த வேலையைச் செய்ய அனுமதி இல்லை. அது வலிக்கும். நானும் இங்கிலாந்து வந்த புதிதில், உள்ளூர்ப் பயிற்சி முடித்துக் கையெழுத்து வாங்கும்வரை மருந்து ஏற்ற இரத்தக்குழாயில் போடும் கேனுலா ஒன்றுகூடப் போட முடியவில்லை. வளைகுடாவில் ஆயிரக்கணக்கில் போட்ட கை இது.

ஆனால் குளிப்பாட்டுவது நர்ஸ் வேலை இல்லை என்பதை ஒப்புக்கொள்ளமாட்டேன். அது உறவினர் வேலை, ஆயா வேலை என்று நமக்குச் சொல்லிக்கொடுத்துவிட்டார்கள். ஒரு காலை, பக்கவாதம் வந்த ஒரு பெரியவரைத் துடைத்துக்கொண்டிருந்தேன். பக்கவாட்டில் திருப்பினால் முதுகெலும்பின் அடியில் ஐந்து ரூபாய் நாணயம் அளவுக்குச் சிவப்பு. விரலால் அழுத்தி எடுத்தேன். வெளுக்கவேண்டிய தோல் வெளுக்கவில்லை. படுக்கைப்புண்ணின் முதல் நிலை அது. இரத்த அழுத்தம், நாடி, ஆக்ஸிஜன் எல்லாம் சார்ட்டில் ஒழுங்காக இருந்தன. எந்தக் கருவியும் அதைச் சொல்லவில்லை. அன்றே மெத்தையை மாற்றினோம், திருப்பிப் படுக்கவைக்கும் நேரத்தைக் குறைத்தோம். தோல் கிழியவில்லை.

ஊட்டும்போதுதான் விழுங்குவதில் தடுமாற்றம் தெரியும். டயபர் மாற்றும்போதுதான் சிறுநீரின் நிறம் தெரியும். ஜெர்மனியில் 2020-ல் நடைமுறைக்கு வந்த நர்ஸிங் சட்டம், என்ன பராமரிப்பு தேவை என்று கணிப்பதையும் அதை நடத்துவதையும் தகுதிபெற்ற நர்ஸுக்கென்றே ஒதுக்கியிருக்கிறது. நோயாளியின் உடலைப் பார்க்காமல் அதை எப்படிக் கணிப்பீர்கள்?

இந்த வேலை மனசுக்கு ஒவ்வாது என்றால் ஜெர்மனிக்கு விண்ணப்பிக்கவேண்டாம். போய் அழுவதைவிடப் போகாமல் இருப்பது நல்லது.

என்கிளெக்ஸ் பாஸ் செய்துவிட்டேன், அமெரிக்க விசா எப்போது வரும்?

அமெரிக்காவின் நர்ஸ் உரிமத் தேர்வான என்கிளெக்ஸில் பாஸ் ஆனது பெரிய விஷயம், வாழ்த்துகள். ஆனால் விசாவுக்கு அது மட்டும் போதாது. உங்கள் முன்னுரிமைத் தேதியை (உங்களுக்காக முதலாளி விண்ணப்பம் போட்ட தேதி) அவர்களது வெளியுறவுத் துறை மாதம்தோறும் வெளியிடும் விசா அறிக்கையோடு ஒப்பிட்டுப் பாருங்கள். அதற்குமேல் குடியேற்ற வழக்கறிஞரிடம் கேட்கவேண்டியது.

ஐஇஎல்டிஎஸ்ஸா ஓஇடியா?

முதல் பதில்.

கேர் விசாவில் இங்கிலாந்து வந்து, அப்புறம் நர்ஸாக மாறிக்கொள்ளலாம் என்கிறார்களே?

வெளிநாட்டிலிருந்து புதிதாகக் கேர் பணியாளர்களை எடுப்பதை 2025 ஜூலை 22-லேயே நிறுத்திவிட்டார்கள். இன்னும் அப்படிச் சொல்லிப் பணம் கேட்பவர் ஏமாற்றுகிறார்.

ஏஜென்ட் நல்லவர், தெரிந்தவர்தான். அவரிடம் அசல் கொடுக்கலாமா?

கூடாது. யாராக இருந்தாலும் கூடாது. மேலே சொல்லிவிட்டேன், மறுபடியும் சொல்கிறேன்: அசலைக் கொடுத்துவிட்டால், வேலை பிடிக்கவில்லை என்று திரும்பக்கூட அவர் தயவு வேண்டும்.

அக்ரிமென்ட்டில் 3 வருட பாண்ட் போட்டிருக்கிறார்கள்.

முன்னால் விலகினால் எவ்வளவு கட்டவேண்டும், எந்தெந்தச் செலவுக்கு, மாதம் ஆக ஆக அது குறையுமா? மூன்றையும் எழுத்தில் கேளுங்கள். நியாயமான முதலாளி செலவுக் கணக்கைக் காட்டுவார், தொகையும் குறைந்துகொண்டே வரும். "அதெல்லாம் அங்கே போய்ப் பார்த்துக்கலாம்" என்றால் கையெழுத்துப் போடாதீர்கள்.

பிசியோதெரபிக்கும் இதே வழிதானா?

அது வேறு கவுன்சில், எனக்குத் தெரியாத துறை. அந்தத் துறையில் போனவரைக் கேளுங்கள்.

டயபர் பற்றிக் கோபமாகக் கேட்டது நான்தான் அக்கா. ஒரு சந்தேகம். கறுத்த தோலில் அந்தச் சிவப்பு தெரியாதே, எப்படிக் கண்டுபிடிப்பது?

நல்ல கேள்வி மா. தெரியாது, அதனால்தான் கறுத்த தோலில் அது பல நேரம் தாமதமாகவே கண்ணில் படுகிறது. நல்ல வெளிச்சத்தில் பக்கத்துத் தோலோடு ஒப்பிட்டுப் பார். கொஞ்சம் ஊதாவாகவோ இன்னும் கறுப்பாகவோ இருக்கும். பிறகு தொட்டுப் பார்: அந்த இடம் மட்டும் சூடாகவோ குளிர்ந்தோ, கெட்டியாகவோ கொழகொழவென்றோ இருக்கும். அங்கே வலிக்கிறதா என்று அவரிடம் கேள். பார்க்கவேண்டிய இடங்கள்: வால் எலும்பு, இடுப்பின் இரண்டு பக்கம், குதிகால். குதிகாலைப் பார்க்கும்போது சாக்ஸைக் கழற்றிவிட்டுப் பார்.