டெங்குக் காய்ச்சலுக்கு ‘எதிர்ப்புச் சக்திப் பொடி’ தேவையா?

கேள்வி: என் 14 வயது மகளுக்கு நான்கு நாட்களாகக் காய்ச்சல். என்எஸ்1 பரிசோதனையில் டெங்கு உறுதியாகிவிட்டது. எதிர்ப்புச் சக்தி குறைவுதான் காரணம் என்று கூறி, ஆய்வகத்தில் ஒருவர் 2,800 ரூபாய்க்கு ஒரு பொடியை வாங்கச் சொல்கிறார். வாங்கலாமா?

பதில்: வாங்காதீர்கள். உங்கள் மகளுக்கு டெங்கு வந்ததற்கு எதிர்ப்புச் சக்திக் குறைவு காரணமல்ல. வைரஸ் புகுந்த செல், இன்டர்ஃபெரான் என்ற புரதத்தை வெளியிட்டு அக்கம்பக்கத்துச் செல்களை எச்சரிக்கும். எச்சரிக்கை கிடைத்ததும் ‘ஸ்டாட்-2’ என்ற தூதுப் புரதம் உட்கருவுக்குள் சென்று, வைரஸைத் தடுக்கும் நூற்றுக்கணக்கான மரபணுக்களை இயக்கிவிடும். டெங்கு வைரஸ் கைவைப்பது அந்தத் தூதின்மீதுதான். அதன் என்எஸ்5 புரதம் ஸ்டாட்-2ஐப் பற்றிக்கொண்டு, வேண்டாத புரதங்களைச் சிதைக்கச் செல் வைத்திருக்கும் பொறிக்குள்ளேயே தள்ளிவிடுகிறது. வாசலுக்கு வந்த செய்தியை உள்ளே கொண்டுபோக ஆளில்லை. இதைப் பொடியால் சரிசெய்ய முடியாது.

டப்பாவில் ‘எலிகளில் நிரூபிக்கப்பட்டது’ என்று அச்சிட்டிருந்தால் இன்னும் எச்சரிக்கையாக இருங்கள். எலியின் ஸ்டாட்-2ஐ என்எஸ்5ஆல் பிடிக்க முடியாது. அதனால் சாதாரண எலிக்கு மனிதர்களைப் போல டெங்கு வருவதில்லை. மருந்தாக அல்லாமல் உணவுத் துணைப்பொருளாக விற்கப்படுவதால், இத்தகைய பொடிகள் டெங்குவைக் குணப்படுத்துமா என்று யாரும் சோதிக்காமலே கடைக்கு வந்துவிடுகின்றன. ஒவ்வொரு மழைக்காலத்திலும் இதை எடுத்துச் சொல்கிறோம். தடுக்க வேண்டியவர்கள் தடுப்பதில்லை, பரிசோதனைக்கு வரும் பெற்றோரின் பயமே தரகர்களுக்கு மூலதனமாகிறது.

ஒன்றை மட்டும் மருத்துவரிடம் அவசியம் சொல்லுங்கள்: மகளுக்கு முன்பு எப்போதாவது டெங்கு வந்திருக்கிறதா? டெங்கு வைரஸில் நான்கு வகைகள் உண்டு. ஒரு வகைக்கு எதிராக உருவான ஆன்டிபாடி, வேறு வகை வரும்போது அதை அழிக்க முடியாமல் ஒட்டிக்கொண்டு, செல்லுக்குள் நுழையவே வழி செய்துவிடக்கூடும். அதனால் இரண்டாம் முறை நோய் கடுமையாகும் வாய்ப்பு அதிகம். பல ஆண்டுகளுக்கு முன்பு, வேறு ஊரில், லேசாக வந்துபோயிருந்தாலும், கையில் ரிப்போர்ட் இல்லாவிட்டாலும், கேட்காவிட்டாலும் நீங்களே சொல்லிவிடுங்கள்.

காய்ச்சலுக்கு மருத்துவர் சொன்ன அளவில் பாராசிட்டமால் போதும்; ஆஸ்பிரின், இபுபுரோஃபென் கூடாது. ஓஆர்எஸ் கரைசல், கஞ்சி, இளநீர் கொடுங்கள். காய்ச்சல் தணியும் நாளில் நிம்மதியடைந்துவிடாதீர்கள். இரத்த நாளங்களிலிருந்து நீர் கசியத் தொடங்குவது பெரும்பாலும் அப்போதுதான். வயிற்றுவலி, தொடர் வாந்தி, ஈறில் இரத்தம், மிகுந்த சோர்வு, சிறுநீர் குறைதல் ஆகியவற்றில் ஒன்று தெரிந்தாலும், இரவானாலும் விடியும்வரை காத்திராமல் மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள்.