எழுத வருகிறது, பேச வரவில்லை

மதிப்பிற்குரிய மேடம்,

எனக்கு ஆங்கிலம் தெரியாது என்று யாரும் சொல்ல முடியாது. அலுவலகத்தில் மற்றவர்கள் எழுதும் மின்னஞ்சலைக்கூட நான்தான் திருத்திக் கொடுக்கிறேன். ஆனால் மீட்டிங்கில் வாயைத் திறந்தால் வார்த்தை வருவதில்லை. தமிழில் யோசித்து, ஆங்கிலத்துக்கு மாற்றி, சரியா என்று பார்ப்பதற்குள் பேச்சு வேறு எங்கோ போய்விடுகிறது.

பள்ளியில் ஓர் ஆசிரியை என் உச்சரிப்பைக் கேட்டு வகுப்பே சிரிக்கும்படி கேலி செய்தார். அன்று பிடித்த பயம் இது. ஸ்போக்கன் இங்கிலீஷ் வகுப்புக்குப் போனேன், காசுதான் போனது. 'கூச்சப்படாமல் பேசு' என்பார் கணவர், எப்படி என்று சொல்ல மாட்டார். நான் ராத்திரி பகலாகத் தயாரித்த அறிக்கையை இன்னொருவர் பேசிப் பெயர் வாங்குகிறார். மேலதிகாரிக்கு என் உழைப்பு கண்ணில் படுவதே இல்லை. புதிதாகச் சேர்ந்த பெண் ஒருத்தி, வாக்கியத்துக்கு வாக்கியம் தப்பு விடுகிறாள். நான் எண்ணிக்கொண்டே இருப்பேன். அவளுக்குக் கொஞ்சமும் வெட்கமில்லை. அவளைத்தான் கூப்பிட்டுப் பேசச் சொல்கிறார்கள். அது போகட்டும். அந்த ஆசிரியை மட்டும் அன்று அப்படிச் செய்யாமல் இருந்திருந்தால் நான் இப்படி ஆகியிருக்க மாட்டேன்.

இந்த வயதுக்கு மேல் எனக்குப் பேச்சு வருமா? எந்த வகுப்பில் சேரலாம்? என்ன புத்தகம் படிக்கலாம்?

— ஒரு வாசகி

அன்புத் தோழிக்கு,

அந்த ஆசிரியை செய்தது தவறு. அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் 'அது போகட்டும்' என்று நீங்கள் ஒதுக்கிவிட்ட அந்தப் பெண்ணைப் பற்றித்தான் நான் பேச நினைக்கிறேன்.

அவள் தப்புகளை எண்ணுகிறீர்கள். அவளுக்கு வெட்கமில்லை என்கிறீர்கள். அப்படியென்றால், தப்பாகப் பேசுகிறவர் வெட்கப்பட்டே ஆக வேண்டும் என்று உங்கள் மனம் தீர்ப்பு எழுதி வைத்திருக்கிறது. அந்தத் தீர்ப்பு அவளோடு நிற்குமா? நீங்கள் பேச எழும்போது எதிரே இருக்கும் அத்தனை பேரும் உங்களைப் போலவே எண்ணுவதாகத் தோன்றுகிறது. ஆசிரியை சிரித்தது என்றோ ஒருநாள். அவர் வேலையை இன்றுவரை தொடர்ந்து செய்வது நீங்கள்தான். இதைச் சொல்ல எனக்கும் கஷ்டமாகத்தான் இருக்கிறது. சொல்லாமல் விட்டால் உங்களுக்கு உதவியதாக ஆகாது.

வேற்றுமொழி கற்பவர்களின் பதற்றத்தை எலைன் ஹார்விட்ஸும் உடன் ஆய்வாளர்களும் 1986-இல் அளந்து பார்த்தபோது 3 பயங்களைப் பிரித்துக் காட்டினார்கள்: பேசவே தயங்குவது, தேர்வு பயம், பிறர் நம்மை மட்டமாக நினைப்பார்களோ என்ற பயம். உங்களுடையது மூன்றாவது. இலக்கணம் கூடக்கூட இது குறையும் என்று நினைக்காதீர்கள். சிலருக்கு வளரவும் செய்யலாம். தெரிந்த விதிகளெல்லாம் மனதுக்குள் ஒரு கண்காணிப்பாளரைப் போல உட்கார்ந்துகொள்கின்றன என்பார் மொழியியலாளர் ஸ்டீபன் கிராஷன். எழுதும்போது அந்தக் கண்காணிப்பாளருக்கு அவகாசம் இருக்கிறது, உங்கள் மின்னஞ்சலும் அழகாக அமைகிறது. பேச்சில் அவகாசம் ஏது? ஒரு நேரத்தில் மனம் பிடித்து வைத்திருக்கக்கூடியது கொஞ்சம்தான். சொல்ல வந்த விஷயம், அதைச் சரிபார்ப்பது, யார் என்ன நினைப்பார்கள் என்ற கவலை, மூன்றும் அந்தச் சின்ன இடத்துக்கு அடித்துக்கொண்டால் முதலில் வெளியே போவது விஷயம்தான். நீங்கள் திணறுவது அங்கேதான்.

அந்தப் பெண் அந்த இடம் முழுவதையும் விஷயத்துக்கே கொடுத்துவிடுகிறாள். கேட்பவர்களுக்கும் வேண்டியது அதுதான். உங்கள் கோபத்தில் பாதி, அவளுக்கு வாய்த்த அந்தச் சுதந்திரம் நமக்கு இல்லையே என்ற ஏக்கம் என்று எனக்குப் படுகிறது. ஏங்குவது தப்பே இல்லை. அதை அவள்மேல் வெறுப்பாக வைத்துக்கொள்ளாதீர்கள்.

வயதைப் பற்றிக் கேட்டீர்கள். உச்சரிப்பில் தாய்மொழியின் சாயல் கடைசிவரை தங்கலாம், சரளமாகப் பேச அது தடையே இல்லை. இன்னொரு இலக்கண வகுப்பு இப்போதைக்கு வேண்டாம், புத்தகமும் வேண்டாம். அடுத்த மீட்டிங்கில் அவள் பேசும்போது தப்பை விட்டுவிட்டு, அவள் சொன்ன விஷயத்தை மட்டும் குறித்துக்கொள்ளுங்கள். ஆரம்பத்தில் கஷ்டமாகத்தான் இருக்கும். அப்புறம் அவளோடு தினமும் கொஞ்ச நேரம் ஆங்கிலத்தில் பேசுங்கள், அவளாகக் கேட்டால் ஒழியத் திருத்தாதீர்கள். உங்கள் அறிக்கையின் முதல் பகுதியையாவது நானே பேசுகிறேன் என்று மேலதிகாரியிடம் கேளுங்கள். தமிழிலேயே கேட்கலாம்.