கேட்டு வாங்கிய வசதியை ஏன் யாரும் தொடுவதில்லை?

வாசகர் ஒருவர் கேட்கிறார்: "எங்கள் கணக்குச் செயலியில் அறிக்கை வசதி வேண்டும் என்று கருத்துக்கேட்பில் பெரும்பாலானோர் சொன்னார்கள். மூன்று மாதம் உழைத்து அதைச் செய்து கொடுத்தோம். இப்போது அதைத் திறப்பவர்கள் மிகக் குறைவு. பயனர் சொல்லை நம்புவதா, பயன்பாட்டுத் தரவை நம்புவதா?"

உங்கள் பயனர்கள் பொய் சொல்லவில்லை. "இந்த வசதி வேண்டுமா?" என்று கேட்டால் "வேண்டும்" என்பதில் யாருக்கும் நட்டமில்லை. தம் செயலுக்கான காரணத்தைக்கூட மனிதர்கள் பல நேரம் சரியாக அறிந்து சொல்வதில்லை என்று உளவியலாளர்கள் ரிச்சர்ட் நிஸ்பெட்டும் திமோதி வில்சனும் 1977இலேயே விரிவாக எழுதியிருக்கிறார்கள். இனிமேல் செய்யப்போவதைப் பற்றிய பதிலை அதைவிட எச்சரிக்கையோடுதான் எடுத்துக்கொள்ள வேண்டும்.

ஆகவே கேள்வியை மாற்றுங்கள். "கடைசியாக எப்போது மாதக் கணக்கைச் சரிபார்த்தீர்கள்? அதை இப்போது செய்து காட்ட முடியுமா?" என்று கேட்டுவிட்டு, பேசாமல் பக்கத்தில் அமருங்கள். இப்படிப்பட்ட ஒரு சோதனையில், ஒரு பெண்மணி ஒவ்வொரு தொகையையும் பதிந்தவுடன் பட்டியலுக்குத் திரும்பிப் போய், அது ஏறியிருக்கிறதா என்று விரல் வைத்துப் பார்த்துவிட்டுத்தான் அடுத்ததற்கு வந்தார். முடிவில் சிரமம் இருந்ததா என்று கேட்டதற்கு, "இல்லை, சுலபம்தான்" என்றார். அவரும் அறிக்கை கேட்டவர்தான். உண்மையில் அவருக்குக் குறையாக இருந்தது, பதிவு சேமிக்கப்பட்டது என்ற ஒரு வரி உறுதி. பயனர் கேட்கும் வசதி பெரும்பாலும் அவராகவே தேர்ந்துகொண்ட மருந்து. நோய் எங்கே என்பதை நாம்தான் பார்த்தறிய வேண்டும்.

தரவையும் அப்படியே நம்பிவிட வேண்டாம். எங்கே நின்றுவிட்டார்கள் என்பதை அது காட்டும், ஏன் என்பதைச் சொல்லாது. அறிக்கையை ஒருமுறைகூடத் திறக்காதவர் அது இருக்கும் இடத்தையே அறியாதவராக இருக்கலாம். ஒருமுறை திறந்து மூடியவர் தேடியது அதில் கிடைக்காதவராக இருக்கலாம். இவ்விருவரையும் ஒரே எண்ணிக்கையில் சேர்த்துவிட்டால் எதுவும் புரியாது.

இதற்குப் பெரிய கூட்டம் தேவையில்லை. ஐந்து பேரைக் கொண்டு சோதித்தாலே சுமார் 85 சதவீதக் குறைகள் தெரிந்துவிடும் என்று, மென்பொருளும் இணையத்தளங்களும் பயன்படுத்த எளிதாக இருக்கின்றனவா என்று ஆராயும் வல்லுநர் ஜேக்கப் நீல்சன் 2000ஆம் ஆண்டில் எழுதினார். அந்தக் கணக்கு குறைகளைக் கண்டுபிடிப்பதற்கு மட்டுமே உரியது, எத்தனை பேருக்கு ஒரு வசதி தேவை என்று முடிவுசெய்ய அது உதவாது. கணக்கரும் முதலாளியும் ஒரே செயலியை வெவ்வேறு விதமாகப் பயன்படுத்தினால், இரு தரப்பையும் தனித்தனியே சோதியுங்கள். அறிக்கை வசதியை நீக்குவதற்கு முன், அதை ஒருமுறை திறந்து உடனே மூடியவர்களை முதலில் அழைத்துப் பேசுங்கள்.